எட்டு ஷில்லிங் குழந்தை

ஒரு குழந்தையின் விலை என்ன?

அதிர்ச்சி வேண்டாம். இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் பைசா சுத்தமாகப் பதில் இருந்தது. ஏதோ அடிமைச் சந்தையில் அல்ல சார்... பள்ளிக்கூடத்தில்! அதுவும் உலகத்துக்கே நாகரிகம் கற்றுக்கொடுக்கப் புறப்பட்ட இங்கிலாந்தில். ஆறு வயதைத் தாண்டிய குழந்தை, ஒரு வருஷத்தில் 200 தடவைக்கு மேல் வகுப்புக்கு வந்து, பரீட்சையிலும் தேறிவிட்டால் பள்ளிக்கு எட்டு ஷில்லிங். வாசிப்பில் கோட்டை விட்டால் அதில் இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ் கட். எழுத்தில் கோட்டை விட்டால் இன்னொரு இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ். கணக்கிலும் அவுட் என்றால் அதே தொகை. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். மூன்று இரண்டு ஆறு ஷில்லிங், மூன்று எட்டு இருபத்து நாலு பென்ஸ், அதாவது இரண்டு ஷில்லிங். ஆக மொத்தம் எட்டு. டாலி ஆகிவிட்டதா?

அடியேன் பி.காம். படித்தவன். இவ்வளவு அழகாக டாலி ஆகும் ஒரு கணக்கைப் பார்த்தால் முதலில் ஒரு சந்தோஷம் வரும். அடுத்த நிமிடமே, 'இதில் எங்கேயோ இடிக்கிறதே' என்று ஒரு சந்தேகமும் வரும். இந்தக் கணக்கில் இடித்த இடம் எது என்று கண்டுபிடிக்க இங்கிலாந்துக்கு முப்பத்தைந்து வருஷம் ஆனது. நாம் இன்னும் கண்டுபிடித்த பாடில்லை!

*

கதை 1833-ல் தொடங்குகிறது. அந்த வருஷம் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஏழைக் குழந்தைகளின் படிப்புக்காக முதல்முறையாகக் கஜானாவைத் திறந்தது. கொடுத்தது 20 ஆயிரம் பவுண்ட். சர்ச்சுகளும் தர்ம ஸ்தாபனங்களும் பள்ளி நடத்தும், அரசாங்கம் மானியம் தரும். இதுதான் ஏற்பாடு.

அரசாங்க மானியம் என்பது ஆடிப்பெருக்கு மாதிரி. ஆரம்பித்துவிட்டால் ஏறிக்கொண்டேதான் போகும். 1861 வாக்கில் அது எட்டு லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. நடுவில் கிரிமியப் போர் வேறு வந்து கஜானாவைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. 'இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறோமே, பிள்ளைகள் நிஜமாகவே படிக்கிறார்களா?' என்று எம்.பி.க்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்விதானே? வரி கட்டுபவன் கேட்கத்தானே செய்வான்!

விசாரிக்க நியூகாசில் பிரபுவின் தலைமையில் 1858-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். அது 1861-ல் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, பிள்ளைகளும் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலானவர்கள் உருப்படியாக எழுதப் படிக்கக் கற்காமலேயே வெளியே போய்விடுகிறார்கள் என்றது அறிக்கை. கெட்டிக்காரப் பையன்கள்மீதே வாத்தியார்கள் கவனம் செலுத்துகிறார்கள், சாதாரணப் பிள்ளைகள் அம்போ என்றும் சொன்னது. ஆளாளுக்குப் பரீட்சை வைத்து, அதன்படி பணம் கொடுத்தால் எல்லோரும் ஒழுங்காக வேலை பார்ப்பார்கள் என்பது யோசனை.

இதைக் கேட்டதும் ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பெயர் ராபர்ட் லோ.

*

லோ சாதாரண ஆசாமி இல்லை. பிறவியிலேயே உடம்பில் நிறமி இல்லாதவர். வெள்ளை முடி, வெளிச்சம் தாங்காத கண்கள். பார்வை ரொம்பவும் மங்கல். அந்தக் கண்களை வைத்துக்கொண்டே ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அங்கேயே டியூஷன் எடுத்துப் பிழைத்து, பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய் வக்கீலாகவும் அரசியல்வாதியாகவும் பெயர் வாங்கி, லண்டன் திரும்பி 'தி டைம்ஸ்' பத்திரிகையில் தலையங்கம் எழுதியவர். அசாத்திய மூளை. அதைவிட அசாத்திய நாக்கு.

நமக்கும் அவருக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. இந்திய சிவில் சர்வீஸ் வேலைகளைச் சிபாரிசுக்குப் பதிலாகப் போட்டித் தேர்வு வைத்துக் கொடுக்கலாம் என்று 1853-ல் சட்டம் வந்ததே, அப்போது இந்தியாவை மேற்பார்த்த கட்டுப்பாட்டு வாரியத்தில் செயலாளராக இருந்தவர் லோ. பரீட்சை என்றால் அவருக்கு அப்படி ஒரு பக்தி. சிபாரிசை ஒழிக்கும், திறமையைக் காட்டும் என்ற பக்தி. அது தப்பும் இல்லை. பெரிய இடத்துப் பிள்ளைகள் கடிதாசி காட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், பரீட்சை ஒரு புரட்சிதான்.

1859-லிருந்து கல்வி நிர்வாகம் அவர் கையில். கல்வியும் வியாபாரம் மாதிரிதான் என்று நம்பினார். சரக்கு நன்றாக இருந்தால் காசு கொடு, இல்லாவிட்டால் கொடுக்காதே! 1862-ல் அவர் கொண்டுவந்த 'திருத்திய விதித் தொகுப்பு' அமலுக்கு வந்தது. ஊரில் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். 'ரிசல்ட்டுக்குத் தக்க பணம்'.

இந்த முறை சிக்கனமாக இருக்குமா, திறமையாக இருக்குமா என்று பார்லிமென்ட்டில் கேட்டார்கள். அதற்கு லோ கொடுத்த பதில் பிரசித்தம். இரண்டில் ஒன்று நிச்சயம், செலவு குறையாவிட்டால் தரம் கூடியிருக்கும், தரம் கூடாவிட்டால் செலவு குறைந்திருக்கும் என்கிற தினுசில் சொன்னார். கேட்டவர்கள் ரசித்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

*

திட்டம் எப்படி வேலை செய்தது?

வருகைக்கு, சராசரி கணக்குப் போட்டு, தலைக்கு நாலு ஷில்லிங். அது தனி. மீதி எட்டு ஷில்லிங் நாம் முதலில் பார்த்த பரீட்சைப் பணம். பரீட்சைக்காகப் பிள்ளைகளை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் ஓரசைச் சொற்களால் ஆன சின்னக் கதையை வாசிக்க வேண்டும், இருபதுவரை எண் தெரிய வேண்டும். ஆறாம் படி வந்தால் செய்தித்தாளில் ஒரு பத்தியை வாசிக்க வேண்டும், இன்னொரு பத்தியைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், கடை பில் கணக்குப் போட வேண்டும். அவ்வளவுதான், ஏழையின் கல்வி முடிந்தது.

அந்தப் படிகளுக்கு வைத்த பெயர்தான் 'ஸ்டாண்டர்ட்'!

"பையன் என்ன படிக்கிறான்?" "எய்ட்த் ஸ்டாண்டர்ட் சார்!" நம் ஊரில் தினம் ஆயிரம் தடவை புழங்கும் சொல். அதன் பூர்வீகம், குழந்தைக்கு ரேட் நிர்ணயித்த இந்தக் கணக்குப் புத்தகம். இங்கிலாந்தே அந்தச் சொல்லை எப்போதோ விட்டுவிட்டது. நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஒரே ஸ்டாண்டர்டில் ஒரு குழந்தையை இரண்டாம் தடவை பரீட்சைக்கு உட்கார வைக்க முடியாது. தேறினாலும் தேறாவிட்டாலும் அடுத்த வருஷம் மேல் படிதான். இந்த வருஷம் போன பணம் போனதுதான்.

இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியர் ஒரு தினக்குறிப்புப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். பெயர் 'லாக் புக்'. அன்றாடம் நடந்ததை அதில் எழுத வேண்டும். ஆனால், கவனியுங்கள், சொந்த அபிப்பிராயம், பொதுவான கருத்து எதுவும் எழுதக் கூடாது! நடந்தது மட்டும். 'இந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று யோசித்தேன், மனசு கஷ்டமாக இருந்தது' என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. கிட்டத்தட்ட ஒரு கேஷ் புக்.

*

இனி, இன்ஸ்பெக்டர் வரும் நாள்.

வாத்தியாருக்கு முந்தின ராத்திரி தூக்கம் வந்திருக்காது. காரணம் இருக்கிறது. முன்பு சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசாங்கப் பணத்தில் ஒரு பங்கு நேராக வந்துகொண்டிருந்தது. லோ அதை வெட்டிவிட்டார். எல்லாப் பணமும் பள்ளி நிர்வாகத்துக்கு. நிர்வாகமோ பல ஊர்களில், 'மானியம் எவ்வளவு வருகிறதோ அதில் உனக்கு இவ்வளவு' என்று வாத்தியாரிடம் டீல் பேசிவிட்டது. ஆக, முன் பெஞ்சில் உட்கார்ந்து திருதிருவென்று விழிக்கிற ஏழு வயதுப் பொடியன் தடுமாறினால், வாத்தியார் வீட்டு அடுப்பில் ஒரு விறகு குறையும்.

மனிதன் என்ன செய்வான்?

இன்ஸ்பெக்டர் எந்தப் புத்தகத்திலிருந்து வாசிக்கச் சொல்வார்? வகுப்பில் வைத்திருக்கும் புத்தகத்திலிருந்து. அப்படியானால் அந்த ஒரு புத்தகத்தை வருஷம் பூராவும் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தால் போச்சு! பிள்ளைகள் மொத்தப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒரு தப்பில்லாமல் 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்துக் கதைகள் உண்டு. உஷாரான இன்ஸ்பெக்டர்கள் பின்னாலிருந்து முன்னால் வாசிக்கச் சொல்லிப் பிடித்தார்கள் என்பார்கள். சொறி, அம்மை வந்து படுத்திருக்கும் பிள்ளையைக்கூடப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்து பரீட்சைக்கு உட்கார வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். பின்னே, எட்டு ஷில்லிங் ஆயிற்றே!

சரித்திரம், பூகோளம்? அதற்குக் காசு கிடையாது. அதனால் பல பள்ளிகளில் அவை ஓரங்கட்டப்பட்டன. கெட்டிக்காரப் பிள்ளை? எப்படியும் தேறிவிடும், அதற்கு மேல் சொல்லிக்கொடுத்தால் ஒரு பென்னி அதிகம் வராது. விட்டுத் தள்ளு. ரொம்ப மக்குப் பிள்ளை? எவ்வளவு முயன்றாலும் தேறாது. அதையும் விட்டுத் தள்ளு. பார்டரில் நிற்கும் பிள்ளையைப் பிடித்து உருட்டு!

எல்லாவற்றையும்விடக் கொடுமை இன்னொன்று. அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போகிற பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிடும் பெண் பிள்ளை... இவர்களால் 200 தடவை வர முடியாது. 200 வராவிட்டால் அந்தப் பிள்ளையின் பரீட்சைக்குப் பணம் கிடையாது. பணம் கிடையாது என்றால் அந்தப் பிள்ளைக்கு மெனக்கெடுவானேன்? யாரைக் கைதூக்கிவிட இந்தத் திட்டம் வந்ததோ, அந்தச் சாதாரணப் பிள்ளைதான் முதலில் கணக்கிலிருந்து விழுந்தது. வருகைப் பதிவேட்டில் தில்லுமுல்லு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா?

கஜானாவுக்கு மட்டும் கொண்டாட்டம். எட்டு லட்சத்தைத் தாண்டியிருந்த மானியம் 1865-ல் ஆறரை லட்சம் பவுண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. லோ சொன்னதில் ஒரு பாதி பலித்தது!

*

இதைத் தட்டிக்கேட்க ஆளே இல்லையா? இருந்தார். லோவின் ஆபீஸிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஓர் இன்ஸ்பெக்டர். பெயர் மாத்யூ அர்னால்ட்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். விக்டோரியா காலத்துப் பெரிய கவிஞர்களில் ஒருவர். கவிதை சோறு போடாது என்பது அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ள ஒரு நிலையான வருமானம் வேண்டி 1851-ல் பள்ளி இன்ஸ்பெக்டர் வேலையில் சேர்ந்தவர், 1886 வரை முப்பத்தைந்து வருஷம் அதிலேயே இருந்தார். ரயிலிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய், பொடிசுகள் எழுதிய பேப்பரைத் திருத்திக்கொண்டு கவிதையும் எழுதினார்.

1862-ல், திட்டம் பார்லிமென்ட்டில் விவாதத்தில் இருந்தபோதே 'ஃப்ரேசர்ஸ் மேகஸின்' என்ற பத்திரிகையில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. எழுதியது அர்னால்ட். மேலதிகாரி லோ. வேலை போயிருக்கலாம். போகவில்லை என்பது அர்னால்டின் அதிர்ஷ்டம்.

அவர் சொன்னது எளிமையான விஷயம். இதுவரை இன்ஸ்பெக்டர் என்பவர் பள்ளிக்குப் போனால் மொத்தப் பள்ளியையும் பார்ப்பார். வாத்தியார் எப்படிப் பேசுகிறார், பிள்ளைகள் பயந்து கிடக்கிறார்களா, கேள்வி கேட்கிறார்களா என்று கவனிப்பார். இனி அதற்கெல்லாம் நேரமில்லை. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் மூன்று கட்டத்தில் குறி போட வேண்டியதுதான் வேலை. கல்வியை அளக்க வந்தவர் பட்டுவாடா கிளார்க் ஆகிவிடுவார் என்றார்.

திட்டம் வந்த பிறகும் தன் வருடாந்தர அறிக்கைகளில் விடாமல் எழுதினார். நிஜமாக வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ தெரியாமலேயே, சாமர்த்தியமாகத் தயார்செய்து பிள்ளைகளை இந்தப் பரீட்சையில் தேற வைத்துவிட முடிகிறது என்பது அவர் கண்டு சொன்ன உண்மை. அதாவது ரிசல்ட் ஏறுகிறது, படிப்பு ஏறவில்லை.

லோவின் கதை வேறு மாதிரி முடிந்தது. இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளில் தனக்குப் பிடிக்காததை வெட்டித் தள்ளுகிறார் என்று 1864-ல் பார்லிமென்ட்டில் அவர்மீது கண்டனத் தீர்மானம் வந்து, நிறைவேறியும் விட்டது. அறிக்கைகளில் ஆட்சேபத்துக்குரிய பகுதிகளைக் குறியிட்டு அனுப்பியது எனக்குத் தெரியாது, என் கண்பார்வைக்கு நான் அவற்றை நேரில் படிப்பதே இல்லை என்று சொன்னார் லோ. பதவியை ராஜினாமா செய்தார். பிறகு விசாரணை நடந்து, கண்டனம் ரத்தானது. அதன் பின் நிதியமைச்சராக வந்து, 1871-ல் தீப்பெட்டிக்கு வரி போடப் போய், தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் பார்லிமென்ட்டை நோக்கி ஊர்வலம் கிளம்பியதும் வாபஸ் வாங்கியது தனிக் கதை.

ஆனால் ஆள் போனாலும் திட்டம் போகவில்லை! அதுதான் அரசாங்கம். 1870-ல் தொடங்கிய ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சங்கம் வருஷா வருஷம் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 1884-ல் கிரிச்டன் பிரௌன் என்ற டாக்டர் லண்டன் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்து, பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தலைவலி என்று சொல்வதாக ஓர் அறிக்கை கொடுத்தார். படிப்பால் வரும் மன அழுத்தம் பற்றி நாடே பேசியது. அதிகாரிகள் 'அதெல்லாம் மிகைப்படுத்தல்' என்றார்கள். 1890-ல்தான் கட்டு தளர்ந்தது. 1897-ல் முழுசாக ஒழிந்தது.

முப்பத்தைந்து வருஷம்! அந்த நாளில் பள்ளிக்குப் போன பிள்ளை, தன் பிள்ளையையும் அதே பரீட்சைக்கு அனுப்பிவிட்டான்.

எட்மண்ட் ஹோம்ஸ் என்று ஓர் அதிகாரி. 1875-ல் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, தலைமை இன்ஸ்பெக்டராக உயர்ந்தவர். ரிட்டையர் ஆன கையோடு 1911-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் வருத்தப்பட்டது ஒழிந்துபோன திட்டத்துக்காக அல்ல, ஒழியாமல் தங்கிவிட்ட பழக்கத்துக்காக. சொல்லச் சொல்லக் கேட்டே பழகிய வாத்தியார்களுக்கு, சுதந்திரம் கொடுத்தும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

*

'சரி சார், வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு?' என்கிறீர்களா? அங்கே மழை பெய்தால் இங்கே குடை பிடித்த காலம் அது. இங்கிலாந்தில் வந்த கொஞ்ச நாளில், 1860-களிலேயே மதராஸ் மாகாணத்துக்கும் வந்துவிட்டது 'ரிசல்ட் கிராண்ட்'. திண்ணையில் மணல் பரப்பி விரலால் எழுத வைத்துக்கொண்டிருந்த வாத்தியாரையும் தேடிப் போய், பிள்ளைகளைப் பரீட்சை செய்து, தேறியவர்களுக்குத் தக்கபடி பணம் கொடுத்தார்கள். 1882-ல் அமைந்த ஹன்டர் கமிஷன், கல்லூரிகளுக்கு இந்த முறை வேண்டாம் என்றது. 1904-ல் கர்சன் பிரபுவின் கல்வித் தீர்மானம், இந்தியாவில் பரீட்சை வரம்பு மீறி வளர்ந்து கல்வியையே ஆட்டிப்படைக்கிறது என்று புலம்பிய பிறகுதான் இங்கே அது மறைய ஆரம்பித்தது.

பணம் மறைந்தது. மார்க் தங்கிவிட்டது.

அந்த மார்க்காவது நம்பகமானதா? 1912-ல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்று இரண்டு பேராசிரியர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதி எடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தித் தரச் சொன்னார்கள். 142 பள்ளிகளிலிருந்து வந்தது. ஒரு விடைத்தாளுக்கு 64-லிருந்து 98 வரை மார்க். இன்னொன்றுக்கு 50-லிருந்து 97 வரை! மொழிப்பாடம், அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்ல, அடுத்த வருஷம் ஜியோமெட்ரி விடைத்தாளை அனுப்பினார்கள். 28-லிருந்து 90-ஐத் தாண்டிப் போனது வித்தியாசம். ஒரே பேப்பர் சார்! ஒரு பள்ளியில் ஃபெயில், அடுத்த பள்ளியில் கோல்ட் மெடல்.

அரை மார்க்கில் மெடிக்கல் சீட் போனவர்கள் வீட்டில் இதைச் சத்தமாகப் படித்துவிடாதீர்கள்.

*

பொருளாதாரத்தில் ஒரு விதி சொல்வார்கள். பிரிட்டனைச் சேர்ந்த சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது. எளிமையாகச் சொன்னால், அளவுகோலையே இலக்கு ஆக்கிவிட்டால், அது அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும். லோவின் வாத்தியார்களுக்குக் குட்ஹார்ட்டைத் தெரியாது. ஆனால் நூறு வருஷம் முன்பே செய்து காட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவில் 2002-ல் புஷ் கையெழுத்திட்ட சட்டம், டெஸ்ட் ரிசல்ட்டை வைத்துப் பள்ளிகளுக்குப் பரிசும் தண்டனையும் என்றது. அட்லாண்டா நகரத்தில் மார்க் விறுவிறுவென்று ஏறியது. பார்த்தால், பிள்ளைகள் எழுதிய தப்பு விடைகளை ரப்பரால் அழித்துச் சரி விடை போட்டிருக்கிறார்கள். யார்? வாத்தியார்களும் ஹெட்மாஸ்டர்களும்! 2011-ல் வந்த விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 பேரைக் குறிப்பிட்டது. 2015-ல் 11 பேரைக் குற்றவாளி என்றது கோர்ட். 1862-ல் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தார்கள், இங்கே பென்சிலைத் தலைகீழாகப் பிடித்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் ஊர் மட்டும் என்ன? 'சென்டம் ரிசல்ட்' போர்டு வைக்காத ஊர் உண்டா? அந்த நூறு சதவிகிதத்துக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை எந்த போர்டிலும் வருவதில்லை. பிளஸ் ஒன் பாடத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கத்தான் தமிழக அரசு 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை, பிள்ளைகளின் சுமையைச் சொல்லி அதை விலக்கியது. 2017-ல் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். ரிசல்ட் அன்று ஒரு பிள்ளைக்கு வாயில் லட்டு ஊட்டிப் போட்டோ எடுக்கும்போது, பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகள் அழுத காலம் கொஞ்சமாவது மாறியது.

*

அப்படியென்றால் பரீட்சையே வேண்டாமா? அப்படிச் சொன்னால் அது அபத்தம். 1861-ல் வரி கட்டியவன் கேட்ட கேள்வி இன்றும் நியாயமானதுதான். பிள்ளை நிஜமாகவே படிக்கிறதா என்று தெரிய வேண்டாமா?

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2005 முதல் 'பிரதம்' என்ற அமைப்பு 'ஏசர்' என்று ஓர் ஆய்வு நடத்துகிறது. தன்னார்வலர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து தெரிகிறதா, சொல் தெரிகிறதா, சின்னப் பத்தி, அப்புறம் ஒரு கதை. லோ வைத்த பரீட்சைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை! ஆனால் லோவின் பரீட்சை பொய்யை உற்பத்தி செய்தது. இதுவோ, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை என்ற கசப்பான உண்மையை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காரணம்? இதில் தேறினால் யாருக்கும் காசு இல்லை, தேறாவிட்டால் யாருக்கும் சம்பளம் வெட்டு இல்லை. பிள்ளைக்கு ஃபெயில் முத்திரையும் இல்லை. பொய் சொல்ல ஒருவருக்கும் அவசியமில்லை.

நம் அரசுப் பள்ளிகளில் 2003-ல் சென்னை மாநகராட்சியில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் அட்டைகள் இந்த ரகம்தான். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஏணிப்படத்தில் தெரியும், எத்தனையாவது ரேங்க் என்று தெரியாது. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். வாத்தியார் அடுத்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்று முடிவுசெய்ய உதவும் தகவல் அது. என்றைக்கு மேலதிகாரி, 'உங்கள் பள்ளியில் எத்தனை மலர்? பக்கத்துப் பள்ளியில் அதிகமாமே!' என்று கேட்க ஆரம்பிக்கிறாரோ, அன்றைக்கு அரும்பெல்லாம் ஒரே ராத்திரியில் மலர்ந்துவிடும். ஜாக்கிரதை!

காமர்ஸில் பாலபாடம் ஒன்று உண்டு. கணக்கு எழுதுகிறவன் கையில் கல்லாவைக் கொடுக்காதே. பள்ளிக்கூடத்துக்கும் அதுதான். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்லும் எண்ணையும், யாருக்கு என்ன கிடைக்கும் என்று தீர்மானிக்கும் எண்ணையும் ஒன்றாக்கினால் முதலாவது பொய்யாகிவிடும்.

அடுத்த முறை ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட ஸ்கூலுக்குப் போகும்போது, "ஏன் மிஸ் கணக்கில் எட்டு மார்க் குறைஞ்சது?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்துல இவளுக்குப் புரியலை மிஸ்?" என்று கேட்டுப் பாருங்கள். சில மிஸ்கள் திகைப்பார்கள். சிலர், எத்தனையோ நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிஷப் பேச்சில் கிடைக்கும் தகவல் எந்த ரேங்க் கார்டிலும் இருக்காது.